ஊர்த் தலைவர் பெட்டியில் இருந்த முத்திரை

போர்க்காலத்தில் கூலியின்றி உழைத்து, பூகம்பத்தில் இடிந்த ஜப்பானியத் தொழிற்சாலையிலிருந்து என் தங்கை போக்னம் உயிரோடு வந்தாள். திரும்பி வந்த பெண்ணைப் பற்றி ஊர் என்னென்னவோ பேசியும், நல்லவனாகப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள். எண்பத்தேழு வயதில் அந்தக் கம்பெனியை சியோல் உச்ச நீதிமன்றத்தில் தோற்கடித்தாள். எங்கள் நாஜூ ஊர்ப் பாட்டுப் போட்டியில் குக்கர் ஒன்றும் ஜெயித்தாள். அதில்தான் இன்றும் நான் சோறு வைக்கிறேன்.

கம்பெனி நஷ்டஈடும் தரவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. 2023 மார்ச்சில் நம் அரசாங்கம் புதிதாக ஒன்று சொன்னது: கம்பெனிக்குப் பதிலாக நம் நாட்டு அறக்கட்டளையே பணம் தரும். வாங்கிக்கொண்டால் வழக்கு முடிந்துவிடும். பிறகு கம்பெனி இவளுக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியதில்லை.

ஏப்ரலில் அந்த அறக்கட்டளை அதிகாரி ஒருவர் எங்கள் பேரித் தோட்டத்து வீட்டுக்குப் பேரிக்காய்ப் பெட்டியோடு வந்தார்.

"பேரித் தோட்டத்துக்கே பேரிக்காய் தூக்கிட்டு வர்றவர நம்பலாமாக்கா?" என்று போக்னம் என் காதருகே கேட்டாள். அவளுக்குக் காது மந்தம் என்பதால் அது வீடு முழுக்கக் கேட்டது.

அதிகாரி சிரித்தார். "ஒரு முத்திரை போதும்மா. மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

"அந்தக் கம்பெனிக்காரன் வந்து மன்னிப்புக் கேக்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

அவர் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "முத்திரை ஊர்த் தலைவர்கிட்டதான் இருக்காமே?" என்றார்.

போக்னம் முகம் மாறியது. உரத்துக்கும் மானியத்துக்கும் அலையாமலிருக்க எங்கள் ஊரில் எல்லோரும் கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் பெயர் முத்திரையைத் தலைவரிடமே விட்டுவைப்போம். பதின்மூன்று வயதில், ஜப்பான் போனால் படிக்க வைப்பார்கள் என்று நம்பி, அப்பாவின் முத்திரையைத் திருடிச் சம்மதத் தாளில் குத்தியவள் இவள். அது அடுத்தவர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நடைக்குத் துணையான கைத்தள்ளு வண்டியைப் பிடித்தபடி ஊர் மன்றத்துக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். தலைவர் குவாக் பெட்டியைத் திறந்து அவள் பெயர் செதுக்கிய மரக்கட்டையை எடுத்துத் தந்தார். அதன் முகத்தில் சிவப்பு மை இன்னும் ஈரமாக இருந்தது.

"எதுல குத்தின தம்பி?"

"உர மனுவுல, பெரியம்மா. ஊருக்கே குத்தினேன்."

"அதுல மட்டுந்தானா?"

"அட, எம்மேலயே சந்தேகமா?"

"உம்மேல இல்லப்பா. இந்தக் கட்ட மேல."

குவாக் பொய் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பழம் நறுக்கும் கத்தியால் கட்டையின் முகத்தைச் சீவினாள். பெயர் சிவப்புத் தூளாகத் தட்டில் விழுந்தது. பிறகு அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: பணம் வேண்டாம், என் முத்திரையோடு எந்தத் தாள் வந்தாலும் அது என் சம்மதம் இல்லை.

தபால் நிலையத்துப் பெண், "கீழ முத்திரை குத்துங்க பாட்டி" என்றாள்.

"கட்ட செத்துப்போச்சு. பேனா குடும்மா."

அதுவரை எந்தத் தாளிலும் அவள் கையெழுத்துப் போட்டதில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு மெதுவாக எழுதினாள். பின்னால் எந்தத் தாள் கிளம்பினாலும் உதவும் என்று பக்கத்தில் தேதியையும் போடச் சொன்னேன்.

2023 ஏப்ரல் 19.