ஏரியைக் கழுவி வைத்த மேனேஜர்

இன்று காலை கடையைத் திறந்தேன். ஏரி நாறவில்லை.

அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

(கொரோனா வந்து மூக்கு போய்விட்டதோ என்று டீத்தூள் டப்பாவை முகர்ந்து பார்த்தேன். மூக்கு நன்றாகத்தான் இருந்தது.)

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நைனார்பாளையம் பக்கம் ஏரிக்கரையில் டீக்கடை வைத்திருக்கிறேன். ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லில் மரவள்ளிக் கிழங்கு அரைத்த கழிவுத் தண்ணீர் வாய்க்கால் வழியாக ஏரிக்கு வருகிறது. ஏரியிலிருந்து ஊறி என் கடைக் கிணற்றுக்கு வருகிறது.

சொந்தக் கிணற்றை வைத்துக்கொண்டு லாரித் தண்ணீர் வாங்கி டீ போடுகிறேன். இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான்.

கெட்டுப்போன ஏரி குளங்களில் எதை முதலில் சீர்செய்வது என்று அரசாங்கத்தில் வரிசை போடுகிறார்களாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுக்க முடியாதாம். நேரில் வந்து தண்ணீர் எடுத்துப் பார்ப்பார்களாம். போன வாரமே வர வேண்டியவர்கள். இட ஒதுக்கீட்டு மறியலில் ஜீப் மாட்டித் திரும்பிவிட்டது என்றார்கள். (அதையும் நான் முழுசாக நம்பவில்லை.)

இன்று வருகிறார்கள். இன்று பார்த்து ஏரி நாறவில்லை.

கரைக்குப் போனால் ஆகாயத்தாமரையைக் காணோம். படிக்கட்டெல்லாம் பிளீச்சிங் பவுடர். பக்கத்தில் ஒரு பைப்பில் சுத்தமான போர் தண்ணீர் ஏரிக்குள் கொட்டிக்கொண்டிருக்கிறது. வார்டு மெம்பர் ஏழுமலை அண்ணன் இளநீர் வெட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னாண்ணே இது?"

"ஆபீசரு வராங்கல்ல பாய். மில்லு மேனேஜரு ஆள வுட்டு கிளீன் பண்ணிக் குடுத்தாரு. வர்றவங்கள நாத்தத்துல நிக்க வெச்சா ஊருக்கு இன்னா மரியாத?"

"வாய்க்கா தண்ணி எங்கண்ணே?"

"மண்ணு மூட்டை போட்டு அடச்சிக்கிறாங்க. இன்னிக்கி மட்டுந்தான்."

எங்கள் ஊர் வழக்கம் அப்படி. பொண்ணு பார்க்க வந்தாலும் சரி, ஆபீசர் வந்தாலும் சரி, கூட்டிப் பெருக்கித்தான் நிற்க வைப்போம். ஏழுமலை அண்ணனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இத்தனை வருடம் போன் எடுக்காத மேனேஜருக்கு எங்கள் ஊர் மரியாதை மேல் இவ்வளவு அக்கறை எப்போது வந்தது?

ஜீப் வந்தது. இறங்கியது ஒரு மேடம். கையில் பாட்டில்கள். மேனேஜரும் கூடவே பைக்கில் வந்து இறங்கினார். சிரித்துக்கொண்டே இருந்தார்.

நான் நேராகவே கேட்டேன். "மேடம், எந்த ஏரிய மொதல்ல எடுப்பீங்க?"

"தண்ணி எவ்வளவு கெட்டிருக்குன்னு பார்ப்போம். எத்தனை பேர் அதை நம்பி இருக்காங்க, கழிவு எங்கேருந்து வருது, அதை நிறுத்த முடியுமா, எல்லாம் பார்ப்போம். ரொம்ப மோசமா, அவசரமா இருக்கறது முன்னாடி வரும்."

"கம்மியா கெட்டிருந்தா?"

"பின்னாடி போயிடும்."

அவர் பைப் தண்ணீர் விழுகிற படிக்கட்டுப் பக்கமே பாட்டிலோடு இறங்கினார். ஏழுமலை அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அண்ணே, ஏரி நல்லாருக்குன்னு எழுதிக்கினு போயிட்டா நம்மள கடசியில தள்ளிடுவாங்க. அதுக்குத்தான் மேனேஜரு கழுவிக் குடுத்துக்கிறான்."

அண்ணன் கையில் வெட்டின இளநீர் அப்படியே நின்றது. "இப்ப போயி நாங்கதான் கழுவி வெச்சோம்னு எப்டி சொல்றது பாய்? ஊரு மானம் போயிடுமே."

சரி, ஊர் மானம் போக வேண்டாம். கடைக்கு ஓடினேன். மேடத்துக்கு லாரித் தண்ணீரில் ஒரு டீ. மேனேஜருக்குக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு டீ.

"மேனேஜர் சார், இது கடைக் கெணத்துத் தண்ணியில போட்டது. ஏரி ஊத்துதான். ஏரிதான் இப்ப சுத்தமா கீதே, குடிங்க."

சிரிப்பு நின்றது. "வேணாம் பாய். எனக்கு சுகர்."

"சக்கர போடல சார்."

டம்ளரை வாங்கவே இல்லை.

மேடம் அவரைப் பார்த்தார். பைப்பைப் பார்த்தார். டீயைக் கீழே வைத்துவிட்டு, "கிணறு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

கிணற்றில் ஒரு பாட்டில் எடுத்தார். பிறகு வாய்க்கால் பக்கம் நடந்தார். ஏழுமலை அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, மூட்டைகளை அவரே இழுத்துப் போட்டார். தேங்கியிருந்தது புளித்த வாடையோடு மொத்தமாக வந்தது. எல்லோரும் மூக்கைப் பிடித்தோம். மேடம் அதிலும் ஒரு பாட்டில் நிரப்பினார்.

"எங்க ஏரி மொதல்ல வந்துருமா மேடம்?"

"இப்ப சொல்ல முடியாதுங்க. மத்த ஏரியையும் பார்க்கணும். ஆனா இன்னொரு தடவை வருவேன். சொல்லாம வருவேன்."

வருவாரா என்று தெரியவில்லை. பாட்டில்கள் ஒழுங்காக லேப் போய்ச் சேருமா என்றும் தெரியவில்லை. மேனேஜர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே ஜீப் பின்னாடியே போனார். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

உங்கள் ஊர் ஏரியைப் பார்க்கவும் ஆபீசர் வருவார். அன்றைக்கு யார் முதல் ஆளாகத் துடைப்பத்தோடு வந்து நிற்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள் மக்களே. அவருடைய கழிவுத் தண்ணீர் எந்த வாய்க்காலில் போகிறது என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு, இங்கே கமெண்டில் சொல்லுங்கள்.