டிஸ்க்கில் ஏறாத பேச்சு

என் மாமனார் மைன்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குரல்வளையில் ஆபரேஷன் செய்தால் பிறகு பேச்சு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் ஆபரேஷனுக்கு முதல் நாள் காலை அவரைப் பேசவைத்து, அரை மணி நேரம் போனில் பதிவு செய்தேன்.

எங்கள் குவார்ட்டர்ஸில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை, படமும் பாட்டும் சேர்த்துவைக்கும் சர்வராக நானே மாற்றியிருந்தேன். கரண்ட் மிச்சமாகட்டும் என்று, வரும் ஃபைல்களை ஒரு மணி நேரம் மெமரியிலேயே வைத்திருந்து பிறகு டிஸ்க்கில் எழுதும்படி செட்டிங் செய்திருந்தேன். அதுவரை டிஸ்க் பெரும்பாலும் ஓடாது; நடுவில் கரண்ட் போனால் மெமரியில் இருப்பது அழிந்துவிடும். பதிவை அதில் ஏற்றிவிட்டு, போனில் இடமில்லாததால் அங்கே அழித்தேன்.

சத்தமே இல்லாததால் சர்வர் ஓடவில்லை என்று நினைத்து, மாமனார் அதன் பிளக்கைப் பிடுங்கி ஃபேனை மாட்டிவிட்டார். திரும்பப் போட்டபோது ஃபைலின் பெயர் மட்டும் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

அதை மீட்கப் பார்த்து முடியாமல் அலுத்துப்போய் அவரிடமே சென்றேன்.

"நீங்க பேசினது போயிடுச்சு மாமா. தப்பு என்னோடதுதான்."

"தொண்ட எரிஞ்சிகினே இருக்குதும்மா. கொஞ்சமா சொல்றேன், எடுத்துக்க."

நான்கு நிமிடம் பேசினார்.

அந்த செட்டிங்கை இப்போது எடுத்துவிட்டேன். எதை ஏற்றினாலும், சர்வரை முறையாக நிறுத்தித் திரும்பப் போட்டு, ஃபைலைத் திறந்து பார்த்த பிறகே போனில் அழிக்கிறேன்.

ஆபரேஷன் முடிந்து வந்தவரிடம், அந்த அரை மணி நேரப் பேச்சில் எனக்கு நினைவிருந்ததை நோட்டில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு, பேனாவை வாங்கி இரண்டு இடத்தில் திருத்திக் கொடுத்தார்.