மைக்கை எடுத்தது நாந்தானுங்க

“ஆறு இல்லீங்க ஆயரே, ஏழாம் அதிகாரம்” என்று கோவிலின் முன்வரிசையில் உட்கார்ந்தபடியே திருத்துவார் ஜீவானந்தம். போதகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பக்கத்தைப் புரட்டுவார். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்து ஆழ்துளைக் கிணறு போடுகிறவர் ஜீவானந்தம். வயது அறுபதை நெருங்குகிறது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. வேதாகமத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டே வசனம் சொல்வார். அவர் ஜெபிக்க எழுந்தால் அடுத்தவருக்கு நேரம் இருக்காது. “நம்மகிட்டத் தப்பு நடக்காதுங்க” என்பது அடிக்கடி வாயில் வரும் பேச்சு.

போன கிறிஸ்துமஸுக்கு முன், பாட்டுப் பயிற்சியின்போது சபையின் பேட்டரி மைக்கைக் காணவில்லை. அலமாரிச் சாவி தையல் வேலை செய்யும் நர்மதாவிடம் இருந்தது. எல்லோர் முன்னிலையிலும் ஜீவானந்தம் கேட்டுவிட்டார்: “யாருக்குத் தூக்கிக் குடுத்தீங்க? பொருளோட அருமை தெரியாதவங்க கையில சாவி இருந்தா இப்படித்தானுங்க.”

நர்மதா சாவியைப் போதகரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கோவிலுக்கு வரவில்லை.

மைக், ஜீவானந்தத்தின் லாரியில் இருக்கைக்குப் பின்னால் கிடந்தது. புதுக் கிணற்றுக்கு ஜெபம் செய்ய, ஓர் ஆராதனை முடிந்த கையோடு அவரே மேடையிலிருந்து எடுத்துப்போய் மறந்திருந்தார். சத்தமில்லாமல் கோவில் மூலையில் எங்காவது வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. வைக்கத்தான் போனாராம். “கை வரலீங்க” என்றார் என்னிடம்.

நர்மதா வீட்டுக்குப் போய், “தெரியாமப் பேசிப்போட்டேன், மனசுல வெச்சுக்காத கண்ணு” என்றார்.

“பேசுனது அத்தன பேரு முன்னாலீங்க. மன்னிப்பு மட்டும் எங்கூட்டு வாசல்லயாங்ணா?”

அந்த வாரம் ஜீவானந்தத்துக்குச் சோறே இறங்கவில்லை என்கிறார் மனைவி சாராள். ஞாயிற்றுக்கிழமை சாராளே போய் நர்மதாவைக் கூட்டிவந்தார். சாட்சி சொல்லும் நேரத்தில் ஜீவானந்தம் எழுந்தார். “யாரு மனசாச்சும் புண்பட்டிருந்தா…” என்று தொடங்கி நிறுத்தினார். பக்கத்து இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“அப்படியில்லீங்க. மைக்கை எடுத்தது நாந்தானுங்க. நர்மதா மேல வீண்பழி போட்டுட்டேன். நீங்க எல்லாரும் கேக்கவே சொல்றேன், மன்னிக்கோணும் கண்ணு.”

பின்னால் ஓர் இளைஞன் சிரித்துவிட்டான். ஜீவானந்தம் திரும்பிப் பார்க்கவில்லை. ஆராதனை முடிந்ததும் நர்மதா போதகரிடம் போய்ச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பெருமை ஒரே நாளில் போய்விடவில்லை. “கோரைப் புல்லாட்டமுங்க. தெனமும் முளைக்குது, தெனமும் புடுங்கோணும்” என்கிறார்.

போன வாரம் ராசிபுரம் பக்கம் ஒரு சோளக்காட்டில் அவரோடு நின்றிருந்தேன். கம்ப்ரசர் அலறியது, மண்புழுதி மேலெல்லாம் படிந்தது. பைப் சாய்வாக இறங்குகிறது என்று வேலையாள் வேலுமணி கத்தினார். “எனக்கே சொல்லித் தர்றயா?” என்று சீறினார் ஜீவானந்தம். சட்டென்று வாயை மூடிக்கொண்டார். கையை உயர்த்திக் கம்ப்ரசரை நிறுத்தச் சொன்னார். காடு அமைதியானதும், தலையைக் குனிந்து, வேலுமணியின் வாயருகே காதைக் கொண்டுபோனார்.