இரண்டு முடிச்சுக் கயிறும் ஒரு சின்ன மோட்டார் சைக்கிளும்

பல வருஷம் ஓட்டாமல் விட்டு, மறுபடி வண்டி வாங்கப் போகிறவர்கள் பெயிண்டைப் பார்க்கிறார்கள், மைலேஜ் கேட்கிறார்கள். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. ஆனாலும் எங்கள் வண்டியைப் பார்த்து எடுத்தது நான்தான். அதைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் தாராவியில் இருந்தோம். காலையில் நான் இட்லி அவிப்பேன். என் வீட்டுக்காரர் இரண்டு டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் செம்பூர் பாக்டரி வாசலுக்குப் போவார். டப்பாவைக் கண்டால் பாதி கண்டக்டர்கள் ஏற்றமாட்டார்கள். ஆறிப்போன இட்லியை யார் வாங்குவார்கள்? இளவயதில் அவர் ஒரு முதலாளியின் பெரிய மோட்டார் சைக்கிளை ஓட்டியவர். சயான் பக்கம் மழையில் விழுந்து கால் முறிந்த பிறகு பன்னிரண்டு வருஷம் வண்டியைத் தொடவில்லை.

அப்போதுதான் புதுமாதிரிச் சின்ன வண்டிகள் வர ஆரம்பித்தன. முதலில் ஒன்றைப் பார்த்தபோது அப்படியே நின்றுவிட்டேன். பெரிய வண்டி எத்தனை மிதி மிதித்தாலும் இருமிக்கொண்டே நிற்கும். இது ஒரே மிதியில் தையல் மிஷின் மாதிரி ஓடத் தொடங்கியது!

வண்டியை ரோட்டில் விட்டால் காலையில் இருக்காது. கல்லி என்று நாங்கள் சொல்லும் குறுகிய சந்துக்குள் வீட்டு வாசல்வரை வரவேண்டும். துணி காயப்போடும் கயிற்றை எடுத்து, கல்லியின் ஆகக் குறுகின இடத்தை அளந்து ஒரு முடிச்சுப் போட்டேன். அவரைச் சுவரோரம் நிறுத்திக் காலை அளந்து இன்னொரு முடிச்சு. இரண்டு பாதமும் தரையில் ஊன்றாத வண்டி அவருக்கு வேண்டாம்.

பழைய வண்டி விற்கும் பாய் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நான் ஹேண்டிலில் கயிறு பிடித்ததும் சிரித்தார்.

“யக்கா, எல்லாரும் வண்டிக்கு மூஞ்சியப் பாப்பாவ. நீங்க சட்டைக்கு அளவெடுக்க மாதிரில்லா எடுக்கிய!”

“கல்லிக்குள்ள நுழையலன்னா ஒங்க கடையிலயே கட்டிப் போட்டுட்டுப் போகவா பாய்?”

இரண்டு வண்டி முடிச்சைத் தாண்டின. மூன்றாவது, டாங்கில் கீறல் விழுந்த சிவப்பு வண்டி, இரண்டு அளவுக்கும் சரியாக வந்தது. கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் ஏறி ஓட்டினார். எதிரே ஒரு கைவண்டி வந்தது. இடது காலை ஓங்கி மிதித்தார். அவருடைய பழைய வண்டியில் பிரேக் அங்கேதான். இதில் அங்கே இருந்தது கியர்; பிரேக் வலது காலுக்கு. வண்டி நிற்காமல் கழிவுப் பஞ்சு மூட்டைகளில் போய் முட்டியது.

இறங்கியவர் சாவியைப் பாயிடம் நீட்டினார். “எனக்கு இனி வண்டி கெடையாதுட்டி. பஸ்ஸே போதும்.”

“அண்ணாச்சி, ஒங்க காலு ஓட்டுறத மறக்கல. பழச மறக்க மாட்டேங்கு, அவ்வளவுதான்” என்றார் பாய். “ஒரு வாரம் கழிச்சு வாங்க. இத யாருக்கும் குடுக்கல.”

வீட்டில் அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, வலது கட்டைவிரலில் ஒரு சிவப்புத் துணிக் கிழிசலைக் கட்டினேன். காலடியில் காலுக்கொன்றாய் இரண்டு செங்கல். மாவாட்டிக்கொண்டே திடீரென்று, “ஏங்க, மாடு!” என்பேன். அவர் பிரேக் மிதிக்கவேண்டும். முதல் இரண்டு நாளும் இடது கால்தான் பாய்ந்தது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “யண்ணே, வீட்டுக்குள்ள எந்த ரோட்டுல போறிய?” என்றாள். அவர் சிரிக்கவில்லை. ஐந்தாம் நாள், நான் சொல்லி முடிக்குமுன் கிழிசல் கட்டிய கால் செங்கலில் இருந்தது.

வெறும் வண்டியை ஓட்டிப் பார்ப்பதெல்லாம் பார்ப்பதே இல்லை. மறுபடி போனபோது இரண்டு டப்பாவிலும் தண்ணீர் நிரப்பிக் கட்டி, நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். திருப்பத்தில் நிஜமாகவே ஒரு மாடு குறுக்கே வந்தது. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. வண்டி நின்றுவிட்டது. குனிந்து பார்த்தேன். வலது கால், சிவப்புக் கிழிசல். டப்பாவிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. பன்னிரண்டு வருஷப் பயத்தை அந்தக் கால் எங்கே வைத்துவிட்டு வந்ததோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அன்றைக்கே வாங்கிவிட்டோம். கல்லி முனையில் அவர் வண்டியை நிறுத்தி, “ஏட்டி, எறங்கு” என்றார்.

“ஏன்? அளந்துதான வாங்கினோம்?”

“ஹேண்டில அளந்த. ஒருச்சாஞ்சு உக்காந்திருக்கியே, ஒன் முட்டிய அளந்தியா?”

இறங்கினேன். சுவருக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் இந்தப் பக்கம் இரண்டு விரல், அந்தப் பக்கம் இரண்டு விரல். காலைத் தரையில் ஊன்றாமலே உள்ளே ஓட்டிக்கொண்டு போனார். நான் பின்னால் நடந்தேன், கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டு.