பெதஸ்தாவில் முதலில் இறங்கியவர்கள்

இருங்காட்டுக்கோட்டையில் நாங்கள் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் விடியற்காலையில் ஒரே ஒரு முறைதான் மோட்டார் போடுவார்கள். தண்ணீர் மாடிக்கு ஏறாது, கீழ்த்தொட்டியில் வந்துதான் பிடிக்க வேண்டும். இரவில் பூட்டிய படிக்கட்டு கேட்டையும் வார்டன் மோட்டார் போடும்போதுதான் திறப்பார். சத்தம் கேட்டதும் மூன்று மாடிப் பெண்களும் பக்கெட்டோடு அந்தக் குறுகிய படியில் விழுந்தடித்து ஓடுவோம். கடைசியில் வருகிறவளுக்குத் தொட்டியில் வண்டல்தான் இருக்கும். இப்படி ஒரு ஏற்பாட்டை யோசித்துக் கண்டுபிடித்த மூளைக்கு மாலை போட வேண்டும்.

என் அறைத்தோழி கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது வழுக்கி விழுந்து, கணுக்காலில் மாவுக்கட்டோடு கிடந்தாள். இராமநாதபுரம் பக்கத்துப் பெண், காண்ட்ராக்ட் வேலை. உட்கார்ந்து செய்கிற வேலை தருவதாகச் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். ஆனால் முதல் நாளே அவளால் போக முடியவில்லை. பக்கெட் கூட்டம் ஏறி இறங்கி முடியும்வரை படியில் அவளுக்கு இடமில்லை, கூட்டம் வடிந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. திங்கட்கிழமையும் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று போன் வந்தது. நான் ஒருத்தி அவளைத் தூக்கி இறக்க முயன்று, இருவரும் சேர்ந்து உருளப் பார்த்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல மொட்டை மாடியில் ஜெபக்கூட்டம். சபையிலிருந்து ஓர் அக்கா வந்து வேதத்தில் வரும் எருசலேம் குளங்களைப் பற்றிப் பேசினார். பகைவர் முற்றுகையிட்டால் ஊர் தாகத்தில் சாகக் கூடாதென்று ஒரு ராஜா வாய்க்கால் வெட்டி நகருக்குள் தண்ணீர் கொண்டுவந்ததைச் சொன்னார். பிறவிக் குருடன் சீலோவாம் குளத்தில் கழுவிப் பார்வை பெற்றதைச் சொன்னார். பிறகு பெதஸ்தா குளம். தண்ணீர் கலங்கும்போது யார் முதலில் இறங்குகிறாரோ அவருக்கு மட்டும்தான் சுகம். தன்னை இறக்கிவிட ஆளில்லாமல் வருஷக்கணக்காக அங்கே கிடந்த ஒருவனை ஆண்டவர் குளத்தில் இறக்காமலே எழுப்பி நடக்க வைத்தார். பொறுமையாகக் காத்திருப்பவர்களைத் தேவன் கைவிட மாட்டார் என்று முடித்தார்.

காற்றுக்காகக் காலிப் படியில் உட்கார்ந்தபடியே நகர்ந்து ஏறி வந்து எங்களோடு இருந்த என் அறைத்தோழிக்கு வேதமெல்லாம் பழக்கமில்லை. அவள் மெதுவாகக் கேட்டாள்:

“ஏக்கா, மொதல்ல எறங்கிச் சொகமானவுகள்ல ஒருத்தராச்சும் திரும்பி வந்து இவரத் தூக்கி விடலயா?”

“அத்தப் பத்தி ஒண்ணும் எழுதலம்மா,” என்றார் அக்கா.

தினமும் எல்லோருக்கும் முன்னால் தொட்டிக்கு ஓடுகிற வாலாஜாபாத்காரி தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை மோட்டார் ஓடத் தொடங்கியதும் அவள் ஓடவில்லை. எங்கள் மாடிப் படியின் குறுக்கே கையை விரித்து நின்றாள்.

“எவளும் எறங்கக் கூடாது. மொதல்ல இவ. நீ இன்னாடி பாத்துகினு கீற, அந்தப் பக்கம் புடி.”

பின்னாலிருந்து வந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. அவளும் நானும் கைகளைக் கோத்து என் தோழியை உட்கார வைத்து இறக்கினோம். பஸ் கிடைத்தது. தண்ணீர் கிடைக்கவில்லை. பவுடரைக் கொட்டிக்கொண்டு போனோம். வேலை தப்பியது. கட்டுப் பிரிக்கும்வரை வேலை நாட்களில் அவள் அப்படித்தான் இறங்கினாள்.

கட்டுப் பிரித்து, நொண்டல் நின்ற பிறகு ஒரு காலை, கேட் திறந்ததும் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு ஒருத்தி ஓடினாள். யாரென்று பார்த்தால் என் தோழி. எனக்குச் சுர்ரென்று ஏறியது. மொட்டை மாடியில் அன்றைக்குக் கேட்டாயே ஒரு கேள்வி, அதை இப்போது நான் கேட்கட்டுமா என்று வாய்வரை வந்துவிட்டது.

அதற்குள் அவள் எல்லோருக்கும் முன்னால் பக்கெட்டை நிரப்பிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், எதிரே ஏறி வந்துகொண்டிருந்தாள். தண்ணீர் தளும்பி அந்தக் காலில் வழிந்தது. தனக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தாள். பெதஸ்தாவிலிருந்து எழுந்து ஓடியவர்களும் கொடியவர்களாக இருந்திருக்க மாட்டார்கள், கால் வந்த சந்தோஷத்தில் அவர்களுக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றியிருக்காது என்று நினைத்தேன். கோபம் போகவில்லை. ஆனாலும் சுவரோடு ஒட்டி நின்று அவளுக்கு வழி விட்டேன்.