கவுன்ட்டரில் மாறிய வியாதி

நீங்கள் வியாதியைப் பார்த்து வைத்தியம் சொல்லவில்லை. பில்லை யார் கட்டுவார் என்று பார்த்துச் சொன்னீர்கள். கண்ணாடிக் கதவும் பளிங்குத் தரையும் போட்ட அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்காரர்களைத்தான் சொல்கிறேன். பெயரை எழுதப் போவதில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

2016 கோடைக்காலம். நாங்கள் அப்போது நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸின் பின்பக்கக் கொட்டகையில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. நான் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். முன்பக்கம் குவார்ட்டர்ஸில் இருந்த அக்காவின் வீட்டுக்காரர் அதே சுரங்கக் கம்பெனியில் பர்மனென்ட். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பர்மனென்ட் குடும்பத்துக்கு வைத்தியச் செலவு கம்பெனி கணக்கில் போய்விடும். எங்களுக்கு எங்கள் பாடு.

எனக்கு மூன்று மாதமாகத் தீட்டு நிற்கவில்லை. மாவுக் குண்டானைத் தூக்கினால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. எந்த ஆஸ்பத்திரி நல்லது, எவ்வளவு ஆகும் என்று யாரைப் போய்க் கேட்பது? ஒரு புடவை எடுக்க வடலூரில் நாலு கடை ஏறி இறங்குகிறோம். உடம்பை அறுக்கக் கொடுக்கும்போது மட்டும் யாரோ ஒருவர் சொன்னதை நம்பிப் போகிறோம். அக்கா முந்தின வருஷம் அந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வந்திருந்தார். "நல்லா கவனிச்சாங்கடி. ஏசி ரூமு" என்றார். எனக்குக் கிடைத்த மொத்தத் தகவலும் அதுதான். ஏசி ரூம்.

கவுன்ட்டரில் இருந்த பெண் விலாசம் கேட்டாள். பிளாக், தெரு, குவார்ட்டர்ஸ் நம்பர் சொன்னேன். உடனே ஒரு சிரிப்பு. "உக்காருங்கம்மா, தண்ணி குடிக்கிறீங்களா?" குவார்ட்டர்ஸ் விலாசம் சொன்னால் பர்மனென்ட் வீட்டு அம்மா என்று எடுத்துக்கொள்வார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பின்னால் கொட்டகை இருப்பது விலாசத்தில் தெரியாதே.

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகத்தைச் சுருக்கினார்.

"கட்டி இருக்கும்மா. கர்ப்பப்பையை எடுத்துடணும். தள்ளிப் போட்டா கேன்சரா கூட மாறலாம். வெள்ளிக்கிழமையே அட்மிட் ஆயிடுங்க."

பிள்ளைகள் முகம் வந்து போனது. "எவ்ளோ ஆவும் டாக்டர்?" என்று கேட்டேன்.

"அந்தக் கவலை உங்களுக்கு எதுக்கு? கவுன்ட்டர்ல கம்பெனி மெடிக்கல் புக்கைக் குடுத்துடுங்க."

கவுன்ட்டருக்கு வந்தேன். "எங்ககிட்ட அந்த புக்கெல்லாம் இல்லீங்க. எங்க வூட்டுக்காரு கான்ட்ராக்ட்டு. நாங்க பின்னாடி கொட்டாயில குடியிருந்துகினு இருக்கோம்" என்றேன்.

சிரிப்பு போய்விட்டது. அந்தப் பெண் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்து, டாக்டர் இன்னொரு தடவை கூப்பிடுகிறார் என்றாள். போனேன். அதே படம், அதே வெளிச்சம். இந்தத் தடவை முகம் சுருங்கவில்லை.

"சின்னக் கட்டிதாம்மா. மாத்திரை எழுதித் தரேன். மூணு மாசம் கழிச்சுப் பார்த்துக்கலாம்."

"அப்ப கேன்சரு?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. போயிட்டு வாங்க."

நான் சும்மா வருகிறவள் இல்லை. கவுன்ட்டரில் நின்று, "அந்த ஆபரேஷனுக்கு என்ன ரேட்டுன்னாவது சொல்லு பாப்பா" என்றேன்.

"அது ஆளைப் பொறுத்தும்மா."

"கட்டியைப் பொறுத்துன்னு சொன்னா நாயம். ஆளைப் பொறுத்துன்னா என்னா அர்த்தம்?"

அவள் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் வரும்போது எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு ஓடினேன். அக்கா கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கூத்துக் கட்டுகிறவள் மாதிரி டாக்டரம்மா முகம் சுருக்கியதையும், கவுன்ட்டர் பெண் சிரிப்பை மடித்து வைத்ததையும் நடித்துக் காட்டினேன். "யக்கா, கான்ட்ராக்ட்டுன்னு சொன்னதும் கட்டி சின்னதாப் பூடுச்சுக்கா!" என்று கை தட்டிச் சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. கையில் இருந்த ஈரத் துணி தரையில் விழுந்தது.

"எனக்கும் கேன்சர்னுதான் சொன்னா. எனக்கும் உடனே அட்மிட் ஆகுன்னுதான் சொன்னா" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேன்சர் என்ற பயத்தில் மறுபேச்சுப் பேசாமல் போய்ப் படுத்தவர் அவர். அதற்கப்புறம் இடுப்பு வலியில் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாமல் கிடந்தவர். அக்கா உள்ளே போய்த் தன் பழைய ஸ்கேன் படத்தை எடுத்து வந்தார். "காலைல கிளம்புடி. மாவு ஒரு நாள் நிக்கட்டும்."

விடிந்ததும் கடலூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கூட்டத்தில் நின்று டாக்டரைப் பார்த்தோம். என் படத்தைப் பார்த்துவிட்டு, சோதித்தும் பார்த்துவிட்டு, மாத்திரையே போதும், ஆபரேஷன் இப்போது வேண்டாம் என்றார். அதாவது, பணம் வராது என்று தெரிந்த பிறகு அந்த டாக்டரம்மா சொன்னதுதான் உண்மை. அக்கா தன் படத்தை நீட்டினார். டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எடுத்தாச்சேம்மா. அன்னிக்கு உங்க உடம்பு எப்படி இருந்துச்சுன்னு இதை மட்டும் வச்சு நான் எப்படிச் சொல்றது? அங்கேயே கேளுங்க" என்று படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"கேட்டுடுவோம்" என்றார் அக்கா.

நேராக அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கே வந்தோம். அக்கா அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கு ஹால் நடுவில் நின்றுகொண்டு, இரண்டு படத்தையும் தூக்கிப் பிடித்தார்.

"இது பர்மனென்ட் வயிறு. இது கான்ட்ராக்ட் வயிறு. ஒண்ணை எடுத்தீங்க, ஒண்ணை விட்டீங்க. ஏன்னு சொல்லுங்க!"

மேனேஜர் ஓடி வந்தார். "மேடம், உள்ள வாங்க, தனியாப் பேசலாம்."

"தனியா எதுக்கு? என் வயித்துல இருந்ததை எடுத்தாச்சு, இனி எனக்கு என்ன ரகசியம்? இங்கயே சொல்லு."

"யோவ், அந்தம்மா கேக்கறதுக்குப் பதில சொல்லிட்டுப் போய்யா" என்று நானும் கூவினேன். பயமே இல்லை. அப்படி ஒரு வேகம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் மறக்க முடியாதது. நாற்காலிகளில் வாய் மூடி உட்கார்ந்திருந்த பொம்பளைகள் ஒருத்திக்கொருத்தி திரும்பினார்கள். "உனக்கு என்னா சொன்னாங்க? எவ்ளோ கேட்டாங்க?" "எனக்கும் உடனே எடுக்கணும்னாங்க." "எங்க நாத்தனாருக்கு இதே ஆபரேஷனு, இதுல பாதிதான் வாங்கினாங்க!" "அடிப்பாவி, எங்கிட்ட ரெண்டு மடங்கு வாங்கிட்டாளே!" ஹாலே சந்தை மாதிரி ஆகிவிட்டது. அதுவரை ஆளுக்கொரு விலையை முந்தானையில் முடிந்து வைத்திருந்தவர்கள், ஐந்து நிமிஷத்தில் எல்லா முடிச்சையும் அவிழ்த்துவிட்டார்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து வந்திருந்த ஒரு பெண், மறுநாள் ஆபரேஷன் இருந்தவள், பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நான் இன்னொரு எடத்துல காட்டிட்டு வரேன்" என்று நடந்தாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

வாட்ச்மேனை விட்டு எங்களை வெளியே அனுப்பினார்கள். பதில் மட்டும் சொல்லவில்லை. அக்கா ஆஸ்பத்திரிக்குக் கடிதம் போட்டார். அதற்கும் பதில் இல்லை.

நான் மாவு விற்கிறவள். வாசலில் சிலேட்டில் விலை எழுதி வைக்கிறேன். பர்மனென்ட் வீட்டுக்கும் அதே விலை, கான்ட்ராக்ட் வீட்டுக்கும் அதே விலை. ஒரு நாள் புளித்துப் போனால் தெருவே வந்து கேட்கும், நான் நின்று பதில் சொல்லியாக வேண்டும். ஒரு டம்ளர் மாவுக்கு இருக்கிற இந்தக் கணக்கு, ஒரு பொம்பளை வயிற்றுக்கு ஏன் இல்லை? எந்த ஆபரேஷனுக்கு எவ்வளவு, எத்தனை பேருக்குச் செய்தீர்கள், அதில் எத்தனை பேர் நன்றாக இருக்கிறார்கள் என்று உங்கள் கண்ணாடிக் கதவில் எழுதி ஒட்டினால் என்ன குறைந்து போகும்?

அக்கா வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனதும் அவர்கள் சொந்த ஊரோடு போய்விட்டார்கள். போனில் பேசும்போது இன்றைக்கும் கடைசியில் ஒரே கேள்விதான் கேட்கிறார்: "எனக்கு எடுத்தது தேவைதானாடி?" எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். உள்ளே கூப்பிட்டுக் காதில் சொல்ல வேண்டாம். அந்த ஹாலில், எல்லோரும் கேட்கும்படி, அவருக்குப் பதில் சொல்லுங்கள்.