சுவருக்குள் காலிக் குழாய்கள்

எங்கள் பக்கத்து மனையில் வீடு கட்டியவர் லாரி வைத்திருந்தவர். அவர் கழுத்தில் ஈரத்துண்டும் சட்டைப் பையில் நைலான் கயிறும் எப்போதும் இருக்கும். சுவர் பூசுவதற்கு முன், இன்டர்நெட் ஒயருக்காக அறைக்கு அறை பதித்த குழாய்கள் ஒவ்வொன்றிலும் வாய் வைத்து ஊதுவார். மறுமுனையில் அவர் மனைவி குனிந்து நிற்பார்.

“காத்து வருதா?”

“வருதுங்க. மெதுவா ஊதுங்க, கண்ணெல்லாம் சிமெண்டுத் தூசி.”

காற்று வந்தால் கயிற்றை உள்ளே விட்டு, இரு முனையிலும் முடிச்சுப் போட்டு வைப்பார்.

எங்கள் வீடு அதற்கு முந்தைய ஆண்டு முடிந்தது. நாங்கள் குழாய் எதுவும் பதிக்கவில்லை. மாடியில் இன்டர்நெட் சரியாகக் கிடைக்கவில்லை என்று சொல்லி, வீட்டிலிருந்து வேலை செய்த என் மகன் பெங்களூருக்குப் போய்விட்டான். அந்தக் குழாய்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

“ஏனுங்க, இத்தனை பைப்புலயும் ஒயர் ஓட்டப் போறீங்களா?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“இப்பத்திக்கு ரெண்டுலதானுங்க. நாளைக்கு என்ன ஒயர் வந்தாலும் பையன் கவுத்துல கட்டி இழுத்துக்குவான்.”

“பையன் இங்கயே இருக்கறேன்னு சொல்லிட்டானுங்களா?”

“எங்கீங்க சொல்றான். லைன் கெடைக்கலைன்னு மட்டும் அவன் சொல்லக்கூடாதுங்க. போறதுன்னா நெசமான காரணத்தைச் சொல்லிட்டுப் போகட்டும்.”

சிரித்துக்கொண்டே அடுத்த குழாயில் வாய் வைத்தார்.

அவர்கள் குடிவந்துவிட்டார்கள். மகன் மாடியறையில் உட்கார்ந்து வேலை செய்வது எங்கள் ஜன்னலிலிருந்து தெரிகிறது. அவன் பெட்டியோடு கிளம்பும் நாளுக்காக நான் காத்திருக்கிறேன். அன்று அப்பாவிடம் அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரிய வேண்டும். என் மகன் என்னிடம் சொல்லாமல் விட்டதும் அதுவாகத்தான் இருக்கும்.